மொத்த எண்ணை விடுங்கள், ஆறாம் வகுப்பைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். போன வருடம் ஓர் ஆசிரியரை உபரி என்று சொல்லி வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். பிறப்பு குறைந்ததால் இப்படியா, தனியார் பள்ளி வேன் ஊருக்குள் வருவதாலா, இல்லை பள்ளியிலேயே ஏதாவது குறையா? பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். இதை எப்படிக் கண்டுபிடிப்பது?"

நல்ல கேள்வி. இதை ஒரு பெற்றோர் கேட்பது எனக்கு மிகவும் சந்தோஷம். நான் அரசுப் பள்ளிகளில் பட்டதாரி ஆசிரியராக இருந்து, கடைசியில் தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவன். ஆகஸ்ட் 1-ஆம் தேதி நெருங்கினால் எங்களுக்குத் தூக்கம் வராது. அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று பணியாளர் நிர்ணயம் செய்வார்கள். 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. உயர்நிலை வகுப்புகளுக்கு 40 பேருக்கு ஒருவர் என்பது 1997-இல் வந்த அரசாணை 525-இன் கணக்கு. சில பிள்ளைகள் குறைந்தாலே ஒரு பணியிடம் உபரியாகிவிடும், பணி நிரவலில் ஆளை மாற்றிவிடுவார்கள். அப்புறம் அறிவியலுக்கோ கணக்குக்கோ ஆள் இல்லை என்று பெற்றோர் இன்னும் நான்கு பிள்ளைகளை எடுத்துப் போவார்கள். உங்கள் பள்ளி இந்தச் சுழலுக்குள் நுழைகிறதா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது.

இதற்கு மொத்த ஸ்ட்ரெங்த் உதவாது. அதில் ஐந்து வகுப்புகளின் கதை ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. தலைமை ஆசிரியரிடம் கேட்டு, கடைசிப் பத்து ஆண்டுகளின் வகுப்புவாரிக் கணக்கை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எமிஸ் என்ற கல்வித் துறையின் இணையதளத்தில் இருக்கிறது. பழைய ஆண்டுகளுக்குச் சேர்க்கை நீக்கப் பதிவேடு இருக்கிறது. அந்தத் தாளை அகலவாக்கில் படிக்காதீர்கள், சாய்வாகப் படியுங்கள். 2019-20-இல் ஆறாம் வகுப்பில் 60 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த செட் 2023-24-இல் பத்தாம் வகுப்பில் இருக்கும். அங்கே 48 பேர் இருந்தால், பன்னிரண்டு பேர் போய்விட்டார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் நடுவில் ஏழாம் வகுப்பிலும் ஒன்பதிலும் வெளியிலிருந்து எட்டுப் பேர் வந்து சேர்ந்திருந்தால், முதலில் சேர்ந்த 60 பேரில் மிஞ்சியது 40 பேர்தான். போன அந்த இருபது பேர் ஒவ்வொருவரும் எங்கே என்று பதிவேடு சொல்லும். டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போனவர்கள் ஒரு பக்கம். டி.சி.யும் வாங்காமல், எமிஸில் எந்தப் பள்ளியிலும் சேராத பிள்ளைகளின் பொதுப் பட்டியலான காமன் பூலிலேயே பெயர் நிற்கிற பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரண்டாவது வகைதான் இடைநிற்றல். ஒரு பிள்ளை பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளிக்குப் போவதும், பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போவதும் உங்கள் பள்ளியின் கணக்கில் ஒரே 'ஒன்று குறைவு'தான். பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகுமா?

சரி, பிறப்பு விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் குழந்தைகள் குறைந்தது நேற்றைய செய்தியல்ல. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தை என்ற கணக்கு, மக்கள்தொகை நிலையாக நிற்பதற்குத் தேவையான 2.1-க்கு 1990-களிலேயே இங்கே வந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் அது 1.8. மத்திய அரசு ஆண்டுதோறும் தனியாக எடுக்கும் மாதிரிப் பதிவு முறையின் 2020 கணக்கில் 1.4. ஆயிரம் பேருக்கு எத்தனை பிறப்பு என்று பார்த்தால் 2001-இல் 19.1, 2011-இல் 15.9, 2020-இல் 13.8. இன்று ஆறாம் வகுப்பில் சேர்கிற பிள்ளை 11 ஆண்டுகளுக்கு முன் பிறந்தது. ஆகவே அடுத்த பத்தாண்டுக்கு உங்கள் பள்ளியில் யார் சேர முடியும் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அந்தப் பிள்ளைகள் இப்போதே அங்கன்வாடியிலும் தொடக்கப் பள்ளியிலும் இருக்கிறார்கள்.

மாநில அளவில் இது பத்தாம் வகுப்புத் தேர்விலேயே தெரிகிறது. 2015-இல் ஏறத்தாழ 10.6 லட்சம் மாணவர்கள் எழுதினார்கள். 2025-இல் 8.71 லட்சம். இதை முழுக்கப் பிறப்பின் தலையில் கட்டவும் முடியாது. இடையில் பல தனியார் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின, அந்தப் பிள்ளைகள் மாநிலத் தேர்வுக் கணக்கிலிருந்தே போய்விட்டார்கள். இருந்தாலும் போக்கு எந்தத் திசையில் என்பதில் சந்தேகம் இல்லை.

உங்கள் ஊருக்கு மட்டும் எப்படிப் பார்ப்பது? இங்கே ஒரு தவறு நடக்கும், நானும் செய்திருக்கிறேன். ஊரின் பிறப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு இரண்டு மூன்று பிறப்புதான் இருக்கும். ஊரே காலியாகிவிட்டது என்று பயந்துவிடுவோம். ஆனால் பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். அதனால் உங்கள் ஊர்க் குழந்தைகள் பெரும்பாலும் டவுன் கணக்கில் இருப்பார்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் இருக்கும் தடுப்பூசிப் பதிவும் அங்கன்வாடி ஆசிரியையின் குடும்பக் கணக்கெடுப்பும்தான் உண்மையைச் சொல்லும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பி உட்கார முடியாது, கடைசியாக எடுத்தது 2011-இல். அந்த அங்கன்வாடி அம்மாவிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

அங்கேயே இன்னொன்றும் தெரிய வரும். உயர்நிலைப் பள்ளி தன் பிள்ளையை இழப்பது பதினோரு வயதில் அல்ல, மூன்றரை வயதில். தனியார் நர்சரிப் பள்ளி மூன்று வயதிலேயே எல்.கே.ஜி.யில் சேர்த்துக்கொள்கிறது. அரசுப் பள்ளி ஐந்து வயது வரை காத்திருக்கச் சொல்கிறது. நடுவில் இரண்டு வருடம் ஷூ போட்டு, டை கட்டி, வேனில் ஏறிப் பழகிய பிள்ளையை முதல் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் கொண்டுவந்து விட எந்தத் தாய்க்கு மனம் வரும்? 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது இந்த ஓட்டையை அடைக்கத்தான். என் கண்ணுக்குத் தெரிந்து மிகச் சரியான இடத்தில் கை வைத்த திட்டம் அது. இன்னும் பல மடங்கு விரிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஆறாம் வகுப்பில் ஒரு திரும்பல் உண்டு. ஐந்தாம் வகுப்போடு முடிகிற நர்சரிப் பள்ளிகள் நிறைய. அங்கே படித்த பிள்ளைகளில் ஒரு பகுதி அரசுப் பள்ளிக்கு வருகிறது. 2020-க்குப் பிறகு இதற்கு ஒரு பலமான காரணமும் சேர்ந்தது. அந்த ஆண்டுச் சட்டப்படி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று விரிவாக்கினார்கள். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இவற்றுக்கெல்லாம் கணக்கு தொடங்குவது ஆறாம் வகுப்பிலிருந்து. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு இது தெரிந்திருக்கிறதா என்று உங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள். எட்டாம் வகுப்பு போன பிறகு தெரிந்துகொண்டு வருத்தப்பட்ட பெற்றோர் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாசல் ஒன்பதாம் வகுப்பு. இதை யாரும் கவனிப்பதில்லை. கல்வி உரிமைச் சட்டம் ஏழை, பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வரைதான் அரசு கட்டணம் கட்டும். தமிழ்நாட்டில் இந்தச் சேர்க்கை முறையாக நடக்கத் தொடங்கியது 2013-14-இல். அன்று எல்.கே.ஜி.யில் நுழைந்த குழந்தை 2022-23-இல் எட்டாம் வகுப்பை முடித்தது. ஆகவே 2023-24 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கூட்டம் ஒன்பதாம் வகுப்பு வாசலில் நிற்கிறது. முழுக் கட்டணம் கட்டித் தொடர வேண்டும், இல்லாவிட்டால் இடம் மாற வேண்டும். எட்டு வரை அப்படிப் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கும் 7.5 சதவீதத்தில் இடம் உண்டு. இதைச் சொல்லியே உங்கள் பள்ளி அவர்களை அழைக்கலாம். இன்னொரு சாராரும் ஒன்பதில் வருவார்கள். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்டுவதற்காகச் சில தனியார் பள்ளிகள் மெதுவாகப் படிக்கிற பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு "வேறு இடம் பாருங்கள்" என்று சொல்லிவிடும். அந்தப் பிள்ளை உடைந்த மனதோடு வரும். நாங்கள் சேர்த்துக்கொள்வோம், அது எங்கள் கடமை. பிறகு இரண்டு பள்ளிகளின் தேர்ச்சி விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரசுப் பள்ளியைக் குறை சொல்லும்போதுதான் வலிக்கும்.

கொரோனா ஆண்டுகளைத் தனியாக வையுங்கள். வருமானம் போனதால் லட்சக்கணக்கான குடும்பங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றின. கிராமப்புறத் தமிழ்நாட்டில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 2018-இல் மூன்றில் இரண்டு பங்கு, 2022-இல் நான்கில் மூன்று பங்கு என்கிறது பிரதம் அமைப்பு எடுக்கும் அசர் கல்வி ஆய்வு. 2024-இல் அது மறுபடியும் பழைய இடத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. வந்தவர்களில் பெரும்பகுதியை நம்மால் தக்கவைக்க முடியவில்லை. வகுப்பறைகள் நிரம்பி வழிந்த அந்த இரண்டு வருடங்களில் கூடுதல் ஆசிரியர் கொடுத்திருந்தால் இன்னும் பலர் தங்கியிருப்பார்கள் என்பது என் உறுதியான கருத்து. ஆக, உங்கள் தாளில் 2021-22-ஐ உச்சமாக வைத்துக்கொண்டு "அதிலிருந்து எவ்வளவு சரிந்துவிட்டது" என்று கணக்குப் போட வேண்டாம். 2018-19-ஐ அடிப்படையாக வையுங்கள். பக்கத்து மேல்நிலைப் பள்ளியின் பிளஸ் ஒன் கணக்கைப் பார்த்தால் அங்கேயும் ஒரு மேடு தெரியும். 2020, 2021 இரண்டு ஆண்டும் பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்ததன் விளைவு அது.

இன்னொரு காரணத்தைக் கட்டாயம் சரிபாருங்கள், ஏனென்றால் அது நல்ல செய்தியாகவும் இருக்கலாம். 2009-இல் மத்திய அரசின் இடைநிலைக் கல்வித் திட்டம் வந்த பிறகு தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான நடுநிலைப் பள்ளிகள் உயர்நிலையாகத் தரம் உயர்ந்தன. முன்பு நான்கு ஊர்ப் பிள்ளைகள் உங்கள் பள்ளிக்கு நடந்து வந்திருப்பார்கள். இப்போது அதில் ஓர் ஊரிலேயே பத்தாம் வகுப்பு வரை இருக்கும். உங்கள் எண்ணிக்கை குறைந்திருக்கும், ஆனால் தூரம் காரணமாக எட்டாம் வகுப்போடு நின்றுபோயிருக்கக்கூடிய பெண் பிள்ளைகள் அங்கே பத்து முடித்திருப்பார்கள். மேல்நிலைப் பள்ளியும் இழுக்கும். ஆறாம் வகுப்பிலேயே பன்னிரண்டு வரை உள்ள பள்ளியில் சேர்த்துவிட்டால் பிறகு அலைய வேண்டாம் என்று பெற்றோர் நினைப்பார்கள், அதில் தவறு சொல்ல முடியாது.

யார் போகிறார்கள், யார் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு எண்ணிக்கையைவிட முக்கியமாகப் படுகிறது. வகுப்புவாரித் தாளிலேயே பையன், பெண் என்று இரண்டு கட்டம் போடுங்கள். ஒரே வீட்டில் பையன் மெட்ரிக் வேனிலும் பெண் அரசுப் பள்ளிக்கு நடந்தும் போவதைத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்கலாம். ஆறாம் வகுப்பிலேயே பெண்கள் அதிகம் என்றால் அது வீட்டுக்குள் எடுத்த முடிவு. ஆறில் சமமாக இருந்து பத்தில் பையன்கள் குறைந்தால், அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். பத்தில் பெண்கள் குறைந்தால் உடனே விசாரியுங்கள், திருமணம் நடந்திருக்கலாம். 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்குப் பதினெட்டு வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது என்று 2019-21 ஆய்வு தமிழ்நாட்டைப் பற்றித்தான் சொல்கிறது.

அடுத்தது சாதி. இதைப் பேசாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது நேர்மையாகாது. தமிழ்நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கில் 20 சதவீதம். அரசுப் பள்ளியில் அவர்கள் பங்கு பல ஊர்களில் இதைவிட அதிகம். வசதி உள்ளவர்கள் முதலில் வெளியே போவது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் அல்ல. நான் வேலை பார்த்த ஓர் ஊரில் சத்துணவுக்குப் புதிதாக வந்த சமையலர் பட்டியல் சாதிப் பெண். இரண்டு வாரத்துக்குள் ஒரு தெருவிலிருந்து பதினொரு டி.சி. கேட்டு வந்தார்கள். காரணம் என்ன என்று நான் கேட்டபோது எல்லோரும் "இங்கிலீஷ் மீடியம்" என்றார்கள். எங்கள் பள்ளியிலேயே அப்போது ஆங்கில வழிப் பிரிவு இருந்தது. பதிவேட்டில் நான் அவர்கள் சொன்ன காரணத்தைத்தான் எழுத முடிந்தது. அந்த அம்மாவின் முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் சொல்கிறேன், டி.சி. காரணம் என்ற கட்டத்தை அப்படியே நம்பாதீர்கள். எந்தத் தெருவிலிருந்து எந்த மாதத்தில் எத்தனை பேர் போனார்கள் என்று பாருங்கள். ஒரே மாதத்தில் ஒரே தெரு என்றால் பள்ளியின் பாடத்தில் குறை தேட வேண்டியதில்லை. ஊர்க்கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம் அது.

பட்டியல் சாதிப் பிள்ளைகள், கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள், முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள் ஆகியோரின் பங்கு கூடினால் பள்ளியின் தரம் குறைந்துவிட்டது என்று பேசுகிறவர்கள் உண்டு. அதை என்னால் ஏற்க முடியாது. அந்தப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி கிடையாது. ஆசிரியர் இன்னும் கூடுதலாக இருக்க வேண்டிய இடமே அதுதான். எண்ணிக்கையை மட்டும் வைத்து உபரி கணக்குப் போடுவது இந்த இடத்தில்தான் அநியாயம்.

நகரத்தில் கதை வேறு. சென்னையில் ஆற்றோரக் குடியிருப்புகளைக் காலி செய்து கண்ணகி நகருக்கும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கும் மக்களைக் கொண்டுபோனபோது, நகரத்துக்குள் இருந்த மாநகராட்சிப் பள்ளிகளில் வகுப்புகள் காலியாயின, புதிய இடத்தில் பள்ளிகள் நிரம்பி வழிந்தன. நடுவருடத்தில் மாற்றப்பட்ட பிள்ளைகளில் பலர் இரண்டு இடத்திலும் இல்லாமல் போனார்கள். திருப்பூரில் வேலைக்கு வந்த குடும்பங்களால் பள்ளிகள் வளர்கின்றன. அங்குள்ள ஜெய்வாபாய் மாநகராட்சிப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பல ஆயிரம் மாணவிகள் படிக்கிறார்கள். சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இடத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். இதே மாநிலம், இதே பிறப்பு விகிதம். ஒரு பள்ளிக்கு நல்ல பெயர் நிலைத்துவிட்டால் அரசுப் பள்ளிக்கும் கூட்டம் வரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இனி உங்கள் பள்ளி. ஊட்டுப் பள்ளிகள், அதாவது உங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பும் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் எவை என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் உங்களிடம் வந்தார்கள் என்று ஐந்து ஆண்டுக்குப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பே 30-இலிருந்து 18-க்கு இறங்கி, அதில் முக்கால்வாசிப் பேர் எப்போதும் போல் உங்களிடம் வந்துகொண்டிருந்தால், பள்ளி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, பிறப்போ எல்.கே.ஜி.யோதான் காரணம். அங்கன்வாடிக் கணக்கோடு ஒப்பிட்டால் அந்த இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும். ஐந்தாம் வகுப்பு அப்படியே இருந்து, வருகிறவர்களின் பங்கு மட்டும் பாதியாகிவிட்டால், பள்ளியில் ஏதோ இருக்கிறது. கணக்கு ஆசிரியர் இல்லையா, கழிப்பறையில் தண்ணீர் வரவில்லையா, சாயங்காலம் பஸ் நேரத்தை மாற்றிவிட்டார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் இப்படிச் சின்னதாகத்தான் இருக்கும், பெரும்பாலும் சரிசெய்யக் கூடியதாகவும் இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்பது சட்டம். தீர்மானம் போட்டு அனுப்ப உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஜூன் வரை காத்திருக்காதீர்கள். தனியார் பள்ளிகள் அதற்கு வெகு முன்பே வீடு வீடாக வந்துவிடுகின்றன. ஜனவரியிலேயே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, தலைமை ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு ஊட்டுப் பள்ளிகளுக்குப் போங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர், தெரு, அம்மாவின் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்தப் பிள்ளைகளை ஒரு நாள் உங்கள் பள்ளிக்கு வரவழைத்து ஆய்வகத்தைக் காட்டுங்கள். ஜூலைக் கடைசியில் அதே நோட்டைத் திறந்து, வந்தவர்களுக்கு டிக் போடுங்கள். டிக் இல்லாத ஒவ்வொரு வீட்டுக்கும் ஆகஸ்ட் 1-க்கு முன் நீங்களே ஒருமுறை போய்வாருங்கள்.